மாண்டவியில் ஒரு மரக்கல வைத்தியம்

இருப்புப்பாதை செல்லாத துறைமுகம் ஒன்று கச்சு நாட்டில் உண்டு. அதன் பெயர் மாண்டவி. கச்சு சமஸ்தானத்தில் 1905-ஆம் ஆண்டு துணாத் துறையிலிருந்து அஞ்சாருக்கு முதல் சிறு ரயில் ஓடிற்று. 1908-இல் அது புஜ் நகரை எட்டிற்று. நாடு பிரிந்தபோது கராச்சித் துறைமுகம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாகக் காண்ட்லா எழுந்தது. 1952-இல் தீசாவிலிருந்து ரயில் வந்தது. 1955-இல் காண்ட்லா பெருந்துறைமுகம் ஆயிற்று. 2017 முதல் அது தீனதயாள் துறைமுகம் என்று பெயர் தாங்கி நிற்கிறது. மாண்டவிக்கு மட்டும் இன்றுவரை தண்டவாளம் வரவில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எனக்கு, ரயில் தீண்டாத துறைமுகம் எவ்வாறு பிழைக்கிறது என்று காணும் ஆவல் நெடுநாளாக இருந்து வந்தது.

காந்திதாமத்தில் என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் மாண்டவிக்காரர். கடலோடும் கார்வா குலத்தைச் சேர்ந்தவர். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள், "வாருங்கள் பாயி! எங்கள் ஊர்க் கப்பல்களுக்கு வைத்தியம் நடக்கும் பருவம் இது. ஞாயிற்றுக்கிழமை போய் வருவோம்" என்று அழைத்தார். புஜ் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் பேருந்தில் பயணம் செய்தோம். வழியெங்கும் வறண்ட நிலம். நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலம் இங்கும் அடர்ந்து கிடக்கிறது. 'காண்டோ பாவல்', அதாவது பைத்தியக் கருவேலம், என்று இந்நாட்டார் அதனை வைகிறார்கள். வேற்று நாட்டில் நம் ஊர்த் தொல்லையைக் கண்டால்கூட ஒருவகை உறவு தோன்றத்தான் செய்கிறது!

மாண்டவி நகரைக் கச்சு மன்னர் முதலாம் கெங்கார்ஜி பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவினார். ருக்மாவதி என்ற சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. மஸ்கட்டுக்கும், சான்சிபாருக்கும், நம் மலையாளக் கரைக்கும் இங்கிருந்து பாய்க்கப்பல்கள் சென்று வந்தன. பருத்தி போயிற்று, தந்தமும், பேரீச்சையும், தேக்கும் வந்தன. அந்தச் செல்வத்தில் எழுந்த பழைய மாளிகைகளைத் தெருக்களில் இன்றும் காணலாம்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மணலின் மீது, தண்ணீரை விட்டு வெகு தூரத்தில், மூன்று மாடி வீட்டின் உயரத்துக்கு மரக்கலங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இருமருங்கும் கட்டைகள் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. திருவிழா முடிந்த பின் நம் ஊர்த் தேரடியில் தேர் நிற்குமே, அதுதான் என் நினைவுக்கு வந்தது. சில புதிதாகக் கட்டப்படுபவை; விலா எலும்புகள் மட்டும் வானை நோக்கி நின்றன. சில பழையவை; பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றப்பட்டவை. நான் காண விரும்பியவை பழையவையே. புதியதைச் செய்வது திறமை; பழையதைக் காப்பாற்றுவது அதனினும் பெரிய திறமை என்பது என் எண்ணம்.

இங்கு எல்லா மரக்கலங்களுக்கும் பொதுப்பெயர் 'வாகன்' என்பது, நம் வாகனமேதான். அவற்றுள் பாய்க்கப்பல் காலத்தில் பேர்பெற்றது 'கோட்டியா'. இரண்டு பாய்மரம், முன்னோக்கிச் சாய்ந்த நடை, சித்திர வேலை செய்த அகன்ற பின்புறம் ஆகியவை அதன் இலக்கணம். அணியத்தின் உச்சியில் கிளித்தலை போன்ற ஒரு முகம் செதுக்கியிருப்பார்கள். சென்னை மாகாணத்து மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் என்ற ஆங்கிலேயர் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் எழுதியபோது இக்கலங்களையும் ஆராய்ந்திருக்கிறார்.

இன்று எல்லா வாகன்களிலும் டீசல் இயந்திரம் ஏறிவிட்டது. பாய்மரம் குட்டையாகி, பாய் துணைக்கு வந்துவிட்டது. ஆயினும் சர்க்காரின் பதிவேடுகளில் இவற்றுக்கு இன்றும் 'இயந்திரம் பொருத்திய பாய்க்கப்பல்' என்ற பொருள்படும் பெயரே வழங்குகிறது. பெயரில் மட்டுமாவது பாய் இறங்காமல் இருக்கிறது.

வழிகாட்டிச் செல்பவனை இங்கு 'மாலம்' என்கிறார்கள். நம் 'மாலுமி' என்ற சொல்லும் அதே அரபுச் சொல்லின் வழிவந்ததுதான். நம்மில் கப்பல் தொழிலாளர் அனைவருக்கும் அப்பெயர் பரவிவிட்டது. இங்கோ நட்சத்திரமும் நீரோட்டமும் கற்றவனுக்கே அது உரியது. புஜ் நகரத்து ஆயினா மகாலை, அதாவது கண்ணாடி மாளிகையை, பதினெட்டாம் நூற்றாண்டில் சமைத்த கலைஞனின் பெயரும் ராம்சிங் மாலம் என்பதே.

ஆனி பிறந்தவுடன் கலங்கள் ஏன் கரையேறுகின்றன? தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அரபிக்கடல் மரக்கலங்களுக்கு ஆகாது. 1998-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி காண்ட்லாவைப் புயல் தாக்கியதைக் காந்திதாமத்துப் பெரியவர்கள் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுகிறார்கள். 2023 ஜூன் 15-ஆம் தேதி பிபர்ஜாய் புயல் இதே கச்சுக் கரையில் ஜக்காவுக்கு அருகே ஏறியது. ஆகவே மழைக்காலம் கடலுக்கு விடுமுறை, தச்சனுக்கு வேலைக்காலம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் மிக உயரமாக ஏறும். அப்போது கலத்தை ஆற்றின் மேட்டுக்கு மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறார்கள். ஓதம் வற்றியதும் அது மணலில் அமர்ந்துவிடும். கட்டணமில்லாத தூக்கி இயந்திரம் சந்திரன்தான்.

நண்பரின் தந்தையார் கலப்பற்று வேலைக்காரர். பலகைகளின் இடுக்கில் பஞ்சு அடைப்பவர். அவர் வேலை செய்துகொண்டிருந்த கலம் ஐம்பது வயதைத் தாண்டியது. பாய்க்கென்றே கட்டப்பட்டு, பிற்பாடு இயந்திரம் பொருத்தப்பட்டது. அன்று அதன் சோதனை நாள். மேஸ்திரி, முதலாளி, மாலம், இன்னும் நான்கைந்து கலாசிகள் அடிப்பாகத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தனர். மேஸ்திரி எழுபது பிராயத்தவர். கையில் ஒரு சிறு சுத்தியும், ஒரு குத்தூசியும் மட்டுமே வைத்திருந்தார். பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் வண்டி நிலையத்தில் நின்றதும் ஒரு தொழிலாளி நீண்ட சுத்தியால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவாரே, அந்தக் காட்சியேதான். நல்ல இரும்பும் நல்ல மரமும் மணிபோல் பதில் சொல்லும், பழுதுபட்டது ஊமையாகிவிடும்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஓரிடத்தில் சப்தம் மாறிற்று. மேஸ்திரி மீண்டும் தட்டினார். பின்பு ஊசியை வைத்து அழுத்தினார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. வெளியே பார்த்தால் பலகை புத்தம் புதியதுபோல் இருந்தது. இது கப்பல் புழுவின் வேலை. புழு என்று பெயரே தவிர, அது நத்தை, சிப்பி இனத்தைச் சேர்ந்த பிராணி. குஞ்சாக இருக்கும்போது குண்டூசி முனையளவு துளையிட்டு உள்ளே நுழையும். பின்னர் மரத்தையே தின்று, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, விரல் நீளத்துக்கும் அதற்கு மேலும் சுரங்கம் தோண்டும். வாசல் சிறிது, வீடு பெரிது. ஆகவே கண் இங்கே ஏமாறும், காதுதான் சாட்சி.

"ஏழு பலகை மாற்ற வேண்டும். இரண்டு விலாச்சட்டமும் போய்விட்டது" என்றார் மேஸ்திரி. கச்சி மொழியில் அவர் பேசியதை நண்பர் எனக்கு இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதலாளியின் முகம் வாடிற்று. அவர் பெரிய பணக்காரர் அல்லர். தந்தை விட்டுச்சென்ற ஒரே கலம் இது. "காகா, இந்த ஒரு பருவம் மட்டும் தகடு அடித்து, சிமெண்டு பூசி ஓட்டிவிடலாமா? அடுத்த ஆண்டு நிச்சயம் மாற்றிவிடுகிறேன். மரம் விற்கிற விலை உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

மேஸ்திரி கோபிக்கவில்லை. "பேட்டா, உன் தகப்பனுக்கு இதைக் கட்டியவன் என் அண்ணன். தகடு அடிக்கலாம். தகட்டுக்குப் பின்னால் மரம் இல்லையே, ஆணி எதைப் பிடித்துக்கொள்ளும்? இதில் ஏறப்போகிற எட்டுப் பேரும் நம் தெருப் பிள்ளைகள். பலகையை மாற்றுவதாக இருந்தால் நாளைக்கே தொடங்குகிறேன். பூசுவதாக இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள். நான் தடுக்கமாட்டேன்" என்றார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. மாலம் முதலாளியைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை, ஊசி இறங்கிய துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கலத்தை ஒருமுறை தனியாகச் சுற்றி வந்தார். பின்பு, "ஏழுதானா, எட்டாகுமா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம். வீட்டுக்கு மேல்மாடி எடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அந்த ஏழு பலகைகளுக்குப் போயிற்று என்று பின்னால் அறிந்தேன்.

இனி அந்த வைத்தியத்தைச் சொல்லுகிறேன். பழுதான பலகைகளை ஒரேயடியாகப் பிடுங்கக்கூடாது. ஒரு புறத்தில் ஒன்றிரண்டு எடுத்துப் புதியது பொருத்திய பின், மறுபுறத்தில் எடுக்க வேண்டும். இல்லாவிடில் கலத்தின் உடலே கோணிவிடும். புதுப் பலகையின் முனை, பக்கத்துப் பலகையின் முனை முடியும் சட்டத்தின் மீதே முடியக்கூடாது. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்கிறார் அல்லவா? அதே விதிதான். பழைய ஆணித் துளையில் புது ஆணி அடிப்பதும் இல்லை. இரும்பு துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். ஆகவே துளைகளை மர முளையால் அடைத்து, வேறிடத்தில் துளையிடுகிறார்கள். ஒவ்வோர் ஆணியின் தலைக்கீழும் எண்ணெயில் தோய்த்த பஞ்சைச் சுற்றி அடிக்கிறார்கள்; அந்த வழியாகவும் நீர் புகாது.

விலாச்சட்டத்துக்குக் கருவேல மரம். சீமைக் கருவேலம் அன்று. நம் கிராமங்களில் ஏருக்கும் வண்டிக்கும் உதவிய நாட்டுக் கருவேலம். நேரான மரத்தை அறுத்து வளைவாக்கினால் நார் அறுந்து வலிமை போய்விடும். ஆதலால் இயற்கையிலேயே வளைந்த கிளைகளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். வேறெதற்கும் உதவாது என்று தள்ளப்படும் கோணல் கிளைக்கு இங்கே முதல் மரியாதை! மேஸ்திரி கிளைக் குவியலைச் சுற்றி வந்து, ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்து, "இது இரண்டாம் விலாவுக்கு" என்றார். அளவுகோல் இல்லை, வரைபடம் இல்லை. முழுக் கலமும் அவர் மனத்திலேயே இருக்கிறது. பலகைக்கு முற்காலத்தில் மலையாளத் தேக்கு வந்தது. இப்போது மலேசியாவிலிருந்து இறக்குமதியாகும் மரத்தையே பெரிதும் நம்புகிறார்கள். 'சால்' என்று தச்சர்கள் அதனை வழங்குகிறார்கள்.

பலகை பொருந்தியதும் கலப்பற்று வேலை. நண்பரின் தந்தையார் பருத்தி நூலைத் தொடையில் வைத்துத் திரித்து, எண்ணெயில் ஊறவைத்து, அகன்ற உளியாலும் மரச் சுத்தியாலும் இடுக்கில் அடித்து இறக்கினார். முன்னும் பின்னுமாக நாலு பேர் அடிக்கும்போது எழும் ஓசை நம் ஊர்ப் பஜனையில் தாளம் போடுவதுபோல் இருந்தது. குறைவாக அடித்தால் நீர் புகும். மிகையாக அடித்தால் பலகையே சட்டத்தை விட்டு விலகும். "எவ்வளவு அடிக்க வேண்டும் என்று எப்படி அறிவீர்கள்?" என்று கேட்டேன். "சுத்தி திரும்பி வரும், அது சொல்லும்" என்றார் பெரியவர். சில வார்த்தைகளில் அடங்கிய அந்தப் படிப்புக்கு அவர் நாற்பது ஆண்டு செலவிட்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்தபின் நீர்மட்டத்துக்குக் கீழ்ப்பட்ட பகுதிக்குச் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசுவது பழைய மரபு. அது புழுவை அண்டவிடாது. மேற்பகுதிக்கு மீனெண்ணெய். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதினால் வாசகர்கள் இப்பக்கத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்க நேரும் என்பதால் விடுகிறேன்.

ஆவணிப் பௌர்ணமியன்று நான் மீண்டும் மாண்டவிக்குச் சென்றேன். நம் இல்லங்களில் ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியை இங்கே 'நாரியேளி பூர்ணிமா' என்கிறார்கள். கார்வா மக்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து, பருவம் திறக்க வேண்டுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் புத்தாடை அணிந்து கரையில் கூடியிருந்தனர். அன்றைப் பேரோதத்தில் நம் கலமும் மிதக்க வேண்டும்.

நீர் மெல்ல ஏறிற்று. முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தனர். கலம் முனகியது, ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, பின் நிமிர்ந்து, மிதந்தது. கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் மேஸ்திரியும் கலப்பற்றுக்காரரும் ஆரவாரிக்கவில்லை. உள்ளே இறங்கி விளக்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டனர். இரண்டு மாதம் வெயிலில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். மிதந்தவுடன் ஒவ்வோர் இடுக்கிலும் சிறிது நீர் கசியும். அது குற்றமில்லை. மரம் நீர் குடித்துப் பருத்துத் தானே இடுக்கை இறுக்கிக்கொள்ள வேண்டும். இறுக்கிக்கொள்கிறதா என்பதுதான் பரீட்சை. மாலை வரை நீர் இறைத்துக்கொண்டே இருந்தனர். முதலாளி கரையில் நின்றபடி, குழாயிலிருந்து வரும் தண்ணீரின் பருமனையே கவனித்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் வேளையில் கைப்பருமனாக வந்த நீர் விரல் பருமனாயிற்று. பெரியவர் மேலே வந்து, "குடித்துவிட்டது" என்றார். முதலாளி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கலத்தில் முதலில் கட்டிய மரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். ஏராவும், பின்கம்பமும், சில விலாச்சட்டங்களுமே மிச்சம் என்றார். "அப்படியானால் இது பழைய கலம்தானா?" என்றேன். அவர் சிரித்தார். "ஒவ்வோர் ஆண்டும் தொட்டுக்கொண்டே வந்தோம். ஓராண்டு தொடாமல் விட்டிருந்தால் இன்று விறகு" என்றார்.

இத்தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி அங்கே எவரும் உறுதியாகப் பேசவில்லை. மரத்தின் விலை ஏறுகிறது. இரும்புக் கப்பலும் பெட்டிச் சரக்கும் வந்துவிட்டன. பெருங்கப்பல் புக முடியாத சிறு துறைகளுக்கு அரிசியும், சர்க்கரையும், பழைய சாமான்களும் கொண்டுசெல்லும் வேலையே வாகன்களைக் காத்து வருகிறது. நண்பரே உளியை விட்டு ரயில்வேக்கு வந்தவர்தான். அதற்காக அவர் தந்தையார் வருந்தவில்லை. ஆயினும் விடுமுறை நாட்களில் மகன் வந்தால் கையில் ஒரு சுத்தியைக் கொடுத்துவிடுகிறார். நம் தூத்துக்குடித் தோணிகளின் கதையும் பெரும்பாலும் இதுவே. பாயிலிருந்து இயந்திரத்துக்கு மாறி, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குச் சுமந்த அத்தோணிகளை, அவ்வூர்த் தச்சர்களும் இவ்வாறே ஆண்டுதோறும் தொட்டுத் தொட்டுக் காத்து வந்தனர்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு மேஸ்திரியின் சொல்லில் ஒரு பொருள் இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழும் அத்தகையதே. பலகைகள் பல மாறிவிட்டன. குஜராத்தியும் இந்தியும் இடையிடையே பொருந்திவிட்டன. அதனால் கேடில்லை. ஆண்டுக்கொருமுறை அல்ல, அன்றாடம் தட்டிப் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

மாண்டவி செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: புஜ் வரை ரயில் உண்டு, அங்கிருந்து பேருந்துகள் கிடைக்கும். பழுது பார்க்கும் வேலையைக் காண ஆனி, ஆடி மாதங்களே உகந்தவை. காலையில் சென்றால் கலப்பற்று ஓசையைக் கேட்கலாம். குழந்தைகளை முட்டுக்கட்டைகளின் அருகே விடாதீர்கள். ஆணிகள் சிதறிக் கிடக்கும், செருப்பு அவசியம். 1929-இல் கட்டி முடிக்கப்பட்ட விஜய விலாச மாளிகையையும், 1857-இல் இவ்வூரில் பிறந்த தேசபக்தர் சியாம்ஜி கிருஷ்ண வர்மாவின் நினைவாக எழுந்துள்ள கிராந்தி தீர்த்தத்தையும் பார்த்து வரலாம். 'தாபேலி' என்னும் சிற்றுண்டி பிறந்த ஊர் இதுவே. ரொட்டிக்குள் மசாலாக் கிழங்கும் மாதுளை முத்தும் வைத்துத் தருவார்கள். சைவ உணவினர் தயங்காமல் உண்ணலாம். புகைப்படம் எடுக்குமுன் தச்சர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள், தேநீரும் கொடுப்பார்கள்.